சொல்தாவின் ஒன்பது பிள்ளைகள்

எங்கள் வீட்டுச் சேவல் ஒன்பது பிள்ளைகளுக்குத் தாய்.

தகப்பன் என்று சொல்லியிருந்தால் உலகம் ஒப்புக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கும். நான் சொல்வது தாய். இன்னும் சொல்லப்போனால் அந்த ஒன்பதில் ஒன்றுக்குக்கூட அவன் தகப்பன் கிடையாது. இதை நான் பாகூர் பஸ் நிறுத்தத்தில் சொன்னேன், மளிகைக் கடையில் சொன்னேன், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டும் சொன்னேன். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தவர்கள் பிறகு ஒருநாள் அந்தப் பக்கமாக வருவதுபோல் வந்து, வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனார்கள். ஒரே ஒரு ஆள்தான் சிரிக்கவும் இல்லை, நம்பவும் இல்லை. என் கொழுந்தனார் சிங்காரவேலு.

அவன் நம்பாததற்குக் காரணம் இருந்தது. நம்பிவிட்டால் அந்தச் சேவலை அவன் அறுக்க முடியாது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஆதிலட்சுமி. அரசாங்க ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் நர்சாக இருந்து ரிடையர் ஆனவள். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் இன்று தரையில் நடக்கும் ஜனங்களில் பாதிப் பேரைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டி அழவைத்தவள் நான்தான். மீதிப் பாதி என் லீவு நாட்களில் பிறந்ததுகள். அதுகளின் நடத்தையைப் பார்த்தாலே தெரியும். ரிடையர் ஆன மறுநாள் காலையிலேயே எனக்குக் கை அரித்தது. பிறப்பதற்கு யாராவது வேண்டும். மனிதர்கள் இப்போதெல்லாம் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதனால் கோழிக்கு மாறினேன்.

என் வீட்டுக்காரர் ராமு தடுக்கவில்லை. காதில் மிஷின் மாட்டியிருக்கிறார். நான் பேச ஆரம்பித்தால் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். எங்கள் குடும்ப வாழ்க்கையின் வெற்றி அந்தச் சட்டைப் பையில் இருக்கிறது.

அப்போது என்னிடம் ஒரு பெட்டையும் ஒரு சேவலும் இருந்தன. பெட்டைக்கு மேட்ரன் என்று பெயர். உருவத்தில் சின்னது, அதிகாரத்தில் பெரியது. அதைப் பார்த்தால் நானே என்னையறியாமல் முந்தானையைச் சரிசெய்துகொள்வேன். சேவலுக்குப் பெயர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற ஆட்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். அவர்கள் பால் வாங்கப் போனால்கூட அணிவகுப்பில் போவதுபோலத்தான் போவார்கள். இவனும் அப்படித்தான். அப்பன், பக்கத்து வீட்டு ரஹ்மத் பீவி வளர்த்த சண்டைச் சேவல். அம்மா, கால்நடை ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுத்த கலர்க்கோழி. பிறந்ததோ நெருப்பு நிறத்தில், நிமிர்ந்தால் என் இடுப்பு உயரம். காலையில் அவன் கூவினால் பனித்திட்டு மீனவர் குப்பத்திலிருந்து கடலுக்குப் போனவர்கள் ஏதோ கப்பல் சங்கு ஊதுகிறது என்று போட்டைத் திருப்பிவிடுவார்கள்.

வைகாசி கடைசியில் மேட்ரன் அடைக்கு உட்கார்ந்தது. வெறும் வைக்கோல் மேலே உட்கார்ந்தது. அது போட்ட முட்டைகளையெல்லாம் நாங்கள் அடையாகவும் பொரியலாகவும் தின்று தீர்த்திருந்தோம். முட்டையில்லாமல் வைக்கோலைப் பிடித்துக்கொண்டு இருந்த அந்தப் பெட்டை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வார்டில் மருந்து இருப்பு இல்லை என்று சொல்கிற ஆளைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முட்டை சேகரிக்கக் கிளம்பினேன். ரஹ்மத் பீவி பெருவிடை என்கிற தன் சண்டைச் சாதிக் கோழியின் முட்டைகளைக் கொடுத்தாள். நெட்டப்பாக்கத்தில் இருக்கும் என் தம்பி மகள் கல்பனா கருங்கோழி முட்டை கொடுத்தாள். மண்ணாடிப்பட்டில் ஒரு சொந்தக்காரி வீட்டில் கழுத்தில் மயிரே இல்லாத மொட்டைக்கழுத்துக் கோழி இருந்தது. அதன் முட்டையை டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். டிரைவர் பிரேக் போட்ட ஒவ்வொரு தடவையும் நான் சீட்டைவிட்டு எழும்பி அந்தரத்தில் நின்றேன். பஸ் நின்ற பிறகுதான் இறங்கி உட்கார்ந்தேன். கண்டக்டர் சாட்சி.

மண் சட்டியில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, முட்டைகளை அடுக்கினேன். ஓரத்தில் ஒரு ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய். இடி இடித்தால் முட்டை கலங்கிவிடும், இதுகள் காப்பாற்றும் என்பார்கள். நான் நர்சு. ஆனாலும் ஒரு மிளகாய் வைப்பதில் எனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

சிங்காரவேலு வேலிக்கு அந்தப் பக்கம் தன் நிலத்தில் நின்று பார்த்தான். அவனுக்குக் கரும்புத் தோட்டம் உண்டு, மீசை உண்டு, எல்லாவற்றிலும் ஒரு கருத்து உண்டு.

“இன்னா அண்ணி, இது அடையா, சந்தையா? ஒரு முட்டை கறுப்பு, ஒண்ணு செவப்பு, ஒண்ணு கோலி குண்டாட்டம் கீது. பொறந்தா இன்னா ஜாதின்னு சொல்லுவ?”

“ஜாதி கேக்கறதுக்கு இது இன்னா கல்யாணத் தரகர் வூடா? வார்டுல எத்தினி கொழந்தைய எடுத்துக்கீறேன். ஒண்ணுகூட கழுத்துல போர்டு மாட்டிக்கினு வரல.”

“கலப்படம் கலப்படம்தான் அண்ணி. வளராது. வளர்ந்தாலும் நிக்காது.”

“நீ வேலிக்கு அந்தாண்ட நில்லு. நிக்கிறத எண்ணிக் காட்டறேன்.”

சொன்னது சொன்னதுதான். அந்த நிமிஷத்திலிருந்து அந்த முட்டைகள் பொரிவது என் மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

மேட்ரன் அடையில் இருந்தபோதுதான் சிங்காரவேலுவுக்குக் கிட்னியில் கல் என்று கண்டுபிடித்தார்கள். அந்த வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிரசவ வலியை ஆயிரம் பார்த்தவள் நான். அவன் வாசலில் உருண்ட உருளல் அதற்குக் குறைந்ததில்லை. உருண்டுகொண்டே, எல்லை முனீஸ்வரன் கோவில் இருக்கிற திசையைப் பார்த்துக் கத்தினான்.

“முனீஸ்வரா! கல்லு மட்டும் எறங்கட்டும். ஆடி மாசம் எங்க வூட்டு செஞ்சேவல உனக்கு அறுக்கறேன்!”

மறுநாள் கல் இறங்கிவிட்டது. டாக்டர் மிளகு அளவு என்றார். சிங்காரவேலு புளியங்கொட்டை என்றான். வாரக் கடைசியில் கொய்யாக்காய் ஆகியிருந்தது. அது எவ்வளவு வேண்டுமானாலும் வளரட்டும். பெரிதுபடுத்திச் சொல்வதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். விஷயம் வேறு. அவன் வீட்டில் செஞ்சேவலும் கிடையாது, வெள்ளைச் சேவலும் கிடையாது. கறி வேண்டுமென்றால் கடைக்குப் போகிற குடும்பம். ‘எங்க வூட்டு’ என்று அவன் சொன்னது எங்கள் வீட்டை. நிலத்தை அளந்து, கல் நட்டு, கிணற்றில் மோட்டார் ஓட்டுவதற்கு முறை வைத்துப் பிரித்துக்கொண்டவனுக்குச் சேவல் என்று வரும்போது மட்டும் கூட்டுக்குடும்பம்.

“வேண்டிக்கினது நீ. அறுக்கறது என் சேவலையா? உன் மோட்டார் பைக்க கொண்டு போய் உடு. அதுவும் செவப்புதான்” என்றேன்.

“வெளையாடாத அண்ணி. வலியில எனக்குக் கண்ணு முன்னால வந்தது இவன்தான். சாமிகிட்ட சொல்லிட்டேன்.”

“நான் வேற செஞ்சேவல் வாங்கித் தரேன். கொண்டை தொங்கத் தொங்க வாங்கித் தரேன்.”

“மாத்தினா கல்லு திரும்பி வந்துடும்.” சொல்லும்போது அவன் கை தானாக இடுப்புக்குப் போனது. அந்தப் பயம் நிஜம். அதை நான் கேலி செய்யவில்லை. சேவலைக் கொடுக்கவும் இல்லை.

பங்காளிகள் எல்லாரும் அவன் பக்கம். முனிக்குச் சொன்ன சொல், பொம்பளை பிடிவாதம் பிடிக்கலாமா என்றார்கள். என் வீட்டுக்காரரைக் கேட்டார்கள். அவர் மிஷினை எடுத்துப் பையில் போட்டார். “குடுக்கறேன்னு சாமிகிட்ட சொன்னது அவன். என்ன யாரும் கேக்கல. நான் குடுக்கல. போயி சொல்லுங்க” என்று கதவைச் சாத்தினேன். சாத்திய வேகத்தில் பாகூர் ஏரியில் அலை எழுந்தது.

ஆனியில் குஞ்சு பொரிந்தது. இரண்டு கூழ்முட்டை. ஒன்பது சுகப்பிரசவம். ஒன்று மட்டும் ஓட்டைக் கொத்திவிட்டு வெளியே வராமல் அடம்பிடித்தது; கையைக் கழுவிக்கொண்டு வந்து, நகத்தால் ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி அதை நானே எடுத்தேன். ஆயுதம் போடவில்லை. காய்ந்த பிறகு பார்த்தால் ஒன்பதும் ஒன்பது ஊர். நகம் முதல் நாக்கு வரை கறுப்பாக ஒன்று. கழுத்து மொட்டையாகக் கழுகு வீட்டுப் பிள்ளைபோல ஒன்று. அணில் மாதிரி முதுகில் கோடு போட்டதுகள். பிறக்கும்போதே சண்டைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்த ரஹ்மத் பீவி வீட்டு வாரிசுகள். கறுப்புக் குஞ்சைத்தான் நான் ஓட்டிலிருந்து எடுத்தது. அதற்கு அவசரம் என்று பெயர் வைத்தேன், ஏனென்றால் அதற்கு அது கொஞ்சமும் இல்லை.

ஒரு வாரம் போனது. ஒரு மத்தியானம் வேலிக்குக் கீழே கீரி வந்தது. மேட்ரன் ஓடவில்லை. குஞ்சுகளுக்கு முன்னால் நின்றது. நான் துடைப்பத்தோடு போய்ச் சேர்வதற்குள் மேட்ரன் செத்துக் கிடந்தது. இந்தக் கதையில் நான் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிற இடம் இதுதான்.

ஒன்பதையும் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு, பல்பு எரியவிட்டு, சமையல்கட்டுத் தாழ்வாரத்தில் வைத்தேன். கம்பு தானியத்தை உடைத்துப் போட்டேன், தண்ணீரில் மஞ்சள் கலந்து வைத்தேன். தின்றன. ஆனால் கத்தல் நிற்கவில்லை. மறுநாள் சாயங்காலம் நான் கடைக்குப் போயிருந்தபோது காற்றும் மழையும் பிடித்துக்கொண்டது. கரண்டு போய்விட்டது. அடித்துப் பிடித்து ஓடி வந்து பார்த்தால் தாழ்வாரத்தில் சாரல் அடித்து, அட்டைப் பெட்டி ஊறி, ஒரு பக்கம் வாயைப் பிளந்து கிடக்கிறது. உள்ளே ஒரு குஞ்சுகூட இல்லை. என் வீட்டுக்காரர் காதில் மிஷின் இல்லாமல் இடிச் சத்தத்தில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

தோட்டம் முழுக்க நனைந்துகொண்டே தேடினேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால், விறகுக்குப் போட்ட தகரத்துக்குக் கீழே, சொல்தா உட்கார்ந்திருந்தான். சேவல் உட்காருகிற உட்காரல் இல்லை அது. இறக்கை இரண்டையும் பந்தல்போல விரித்து, நெஞ்சைத் தரையில் வைத்து, முகத்தில் ஒரு சங்கடத்தோடு உட்கார்ந்திருந்தான். நான் குனிந்தேன். அவன் இறக்கை மயிருக்கு நடுவிலிருந்து ஒரு கறுப்புத் தலை எட்டிப் பார்த்தது. அவசரம்!

முதல் சாட்சி ரஹ்மத் பீவி. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு மழையிலேயே ஓடி வந்தாள்.

“யா அல்லா! யக்கா, உன் சேவலுக்குப் புத்தி பெசகிடுச்சி!”

“சத்தம் போடாத ரஹ்மத்து. வெக்கப்பட்டு எழுந்துடப் போறான்.”

அவள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். “எங்க வூட்டுக்காரருக்கு ஆறு புள்ள. ஒண்ணு மேலயாவது ஒரு துண்ட எடுத்துப் போத்தியிருப்பாரா?”

அன்றிலிருந்து நடந்ததை நான் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். சிரியுங்கள். சொல்தா கரையான் புற்றைக் காலால் உடைத்துவிட்டு, தான் ஒன்றுகூடத் தொடாமல், ‘குக்குக்குக்’ என்று பிள்ளைகளைக் கூப்பிட்டான். பருந்து நிழல் தரையில் விழுந்தால் ஒரு சத்தம் கொடுப்பான். ஒன்பதும் கனகாம்பரச் செடிக்குள் மறைந்துவிடும். ஒரு பருந்து மட்டும் தைரியமாக இறங்கியது. அதை அவன் துரத்திய துரத்தலில் அது இன்றைக்கும் கடலூர்ப் பக்கம்தான் பறக்கிறது, எல்லை தாண்டி வருவதில்லை. காலையில் கூவுவதைக்கூடக் குறைத்துக்கொண்டான். பிள்ளைகள் தூங்கட்டும் என்றுதான் இருக்கும்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. குஞ்சு கூட்டிக்கொண்டு திரிகிற தாயை எங்கள் ஊரில் முனீஸ்வரனுக்கு அறுக்க மாட்டார்கள். முனிக்கு ஆகாது. மறுநாளே பூசாரி தங்கவேல் வீட்டுக்குப் போய், அவர் வாயாலேயே ஒருதரம் கேட்டுக்கொண்டேன்.

“பூசாரி, குஞ்சுங்களோட கீற தாய சாமிக்கு அறுக்கலாமா?”

“கூடவே கூடாதும்மா. ஒரு தடவை தெரியாம பண்ணிட்டு ஊரே பட்டுது.”

“சத்தியமா?”

“சாமி மேல சத்தியமா. எந்தக் கோழிம்மா?”

“சொல்தா.”

தங்கவேல் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். “ஆதிலட்சுமிம்மா, நான் உங்க கையில பொறந்தவன். அதுக்காக என்ன இப்படிப் பண்ணலாமா?”

சேதி வேலி தாண்டிவிட்டது. சிங்காரவேலு அடுத்த தெருவிலிருந்து பைக்கில் வந்து இறங்கினான். பைக் சத்தம் கேட்டதும் சொல்தா ஒரு குரல் கொடுத்தான். ஒன்பதும் செடிக்குள் ஓடின. அவன் மட்டும் தோட்டத்து நடுவில், பிள்ளையாவது குட்டியாவது என்பதுபோல, நெஞ்சை நிமிர்த்தி ஒற்றைக் காலில் நின்றான். போதாததற்குக் கூவினான்.

“இதுவா தாய்?” என்றான் சிங்காரவேலு.

“உன்னப் பாத்து ஒளிச்சி வெச்சிக்கீறான்டா! அதான் தாயோட கொணம்!”

“அண்ணி, நீ சொன்ன கதையிலயே இதுதான் பெருசு. நீ பஸ்ஸுல பறந்ததக்கூட நம்பிடுவேன்.”

மூன்று தடவை வந்தான். மூன்று தடவையும் அதே கூத்து. ஒருமுறை பைக்கைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். சொல்தா அவன் செருப்புச் சத்தத்தையும் தெரிந்து வைத்திருந்தான். “ஆடி மூணாம் வெள்ளி வரேன். பூசாரியோட வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். “வா. பம்பையோட வா. பாக்கறேன்” என்றேன்.

வந்தார்கள். மஞ்சள் வேட்டியில் சிங்காரவேலு, வேப்பிலைச் சொம்போடு பூசாரி, பம்பை அடிக்கிற ஆள், பின்னால் பங்காளிகள், அவர்களுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கப் பாதி பாகூர். விடிந்ததிலிருந்து தூறல். சொல்தா தகரத்துக்குக் கீழே பிள்ளைகளை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்நேரம் அதுகள் குஞ்சுகளாகவா இருந்தன? ஆளுக்கு ஒரு புறா அளவு வளர்ந்துவிட்டிருந்தன. ஒன்பதும் உள்ளே முண்டியடித்ததில் சொல்தா தரையில் இல்லை, பிள்ளைகள் மேலே மிதந்துகொண்டிருந்தான். இறக்கைக்கு வெளியே இங்கே ஒரு வால், அங்கே ஒரு மொட்டைக் கழுத்து.

இந்தத் தடவை அவன் எழுந்து ஒளிக்கவில்லை. பம்பைச் சத்தத்தில் எழுந்தால் பிள்ளைகள் சிதறிவிடும் என்று நினைத்தானோ என்னவோ, இன்னும் அமுக்கி உட்கார்ந்தான்.

“இப்போ சொல்லு” என்றேன்.

“மழைக்கு ஒதுங்கிக்கீதுங்க. ஒரு தகரம், பத்து கோழி. அவ்ளோதான்.” சிங்காரவேலு குனிந்து சேவலைத் தூக்கப் போனான். சொல்தா அவன் மணிக்கட்டில் ஒரு கொத்து வைத்தான். ஒரு பங்காளி போனான், அவனுக்கும் ஒன்று. சண்டைச் சேவல் ரத்தம் எங்கே போகும்?

சிங்காரவேலு வேட்டியை மடித்துக் கட்டினான். “தூக்க வாணாம். இங்கியே ஊத்துங்க பூசாரி. துலுக்கிட்டான்னா சாமி உத்தரவு குடுத்துட்டாருன்னு அர்த்தம். அதுக்கப்பறம் அண்ணி வாயத் தொறக்கக் கூடாது.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பலி கொடுக்கப் போகிற ஆட்டுக்கும் சேவலுக்கும் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால், துலுக்கியது, சாமி கேட்கிறார் என்று அர்த்தம். குளிர்ந்த தண்ணீர் தலையில் விழுந்தால் எந்தக் கோழி உதறாமல் இருக்கும்? எங்கள் ஊரில் உத்தரவு கொடுக்காத சேவல் அதுவரை பிறந்ததில்லை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்தாவைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. அவன் வேலையில் இருந்தான்.

“ஊத்து” என்றேன். “துலுக்கலன்னா நீ வாயத் தொறக்கக் கூடாது.”

பூசாரி முனீஸ்வரனைக் கூப்பிட்டு முதல் சொம்பை ஊற்றினார். கொண்டையிலிருந்து கண் வழியாக அலகு வழியாக வழிந்தது. சொல்தா கண்ணை மூடித் திறந்தான். பம்பை ஏறியது. இரண்டாவது சொம்பு. முதுகு மயிர் ஒட்டிப்போய் எலும்பு தெரிந்தது. உடம்பு லேசாக நடுங்கியது. “துலுக்கறான், துலுக்கறான்!” என்று யாரோ கத்தினார்கள். அவன் துலுக்கவில்லை. உதறினால் இறக்கை விரியும். விரிந்தால் தண்ணீர் உள்ளே போகும். இறக்கையை இன்னும் இறுக்கிக்கொண்டான். வார்டில் குழந்தை வெளியே வந்துவிட்டு இன்னும் அழாமல் இருக்குமே, அந்த இடைவெளிபோல இருந்தது.

“குடுங்க இங்க.” மூன்றாவது சொம்பைச் சிங்காரவேலுவே வாங்கினான். பக்கத்தில் குந்தி, தலையிலிருந்து வால் வரைக்கும் நிதானமாக ஊற்றினான். சொல்தாவின் வலது இறக்கை மெதுவாக எழுந்தது. பம்பை நின்றுவிட்டது. பங்காளிகள் கையெடுத்துக் கும்பிடத் தயாரானார்கள்.

எழுந்த இறக்கைக்குக் கீழே, கறுப்புத் தலையில் மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட, அவசரம் வெளியே கிடந்தான். சொல்தா அலகால் அவனை உள்ளே தள்ளினான். இறக்கையை இறக்கி மூடினான். அவ்வளவுதான்.

பூசாரி காலிச் சொம்பை வாங்கித் தரையில் வைத்தார். “உத்தரவு இல்ல.”

ஊர் குலவையிட்டது. ரஹ்மத் பீவி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கைதட்டினாள். சிங்காரவேலு மட்டும் குந்திய இடத்தைவிட்டு எழவில்லை. “அப்போ கல்லு?” என்றான் சின்னக் குரலில்.

“நீ குடுக்க வந்த. அவரு வாணாம்னுட்டாரு. வேண்டுதல் தீந்துபோச்சி. ஒரு சக்கரப் பொங்கல் வெச்சிக் கும்புட்டுட்டுப் போ” என்றார் தங்கவேல்.

“தாயா இல்லியா? சொல்லிட்டுப் போ சிங்காரம்!” என்றேன்.

“சேவலுக்கு ஜொரம். அதான் உதறல. சேவல் எங்கியாவது தாயாவுமா?” என்றான்.

கூட்டத்தோடு எல்லாரும் கோவிலுக்குப் பொங்கல் வைக்கப் போனோம். பாதி வழியில் சிங்காரவேலு, சொம்பை மறந்துவிட்டேன் என்று திரும்பிப் போனான். வரும்போது அவன் ஆள்காட்டி விரலில் ரத்தம். “இன்னாடா?” என்றேன். “முள்ளு” என்றான்.

அதற்குப் பிறகு ஒன்பதும் நின்றன. நிற்காது என்றானே, அந்தக் கலப்படம். புரட்டாசியில் ஊர்க் கோழிகளுக்கெல்லாம் வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தபோதும் தடுப்பூசி போட்டுக்கொண்டு நின்றன, கார்த்திகைப் புயலில் முருங்கை மரம் விழுந்தபோதும் நின்றன. மொட்டைக்கழுத்து வெயிலில் மற்றதெல்லாம் மூச்சு வாங்கும்போது விசிறிபோட்டவள்போல உலாவினாள். ரஹ்மத் பீவி வழி வந்த இரண்டு சேவல்களில் ஒன்று தெருநாயை வேலி ஏற வைத்தது. இறக்கைக்குள் இடம் போதாமல் ஆனபோது சொல்தா, எந்தத் தாய்க்கோழியும் செய்வதுபோல, ஒவ்வொன்றாகத் தலையில் கொத்தி விரட்டினான். அவசரத்தை மட்டும் கொத்தவில்லை. அவசரம் சேவல் என்று நினைத்திருந்தேன். தை பிறந்ததும் அது சொல்தாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு முட்டை போட்டது. இளநீர் அளவு. சரி, எலுமிச்சை அளவு.

சிங்காரவேலு எல்லாவற்றையும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தான். சேவல் தாய் என்று யாராவது சொன்னால், “ஜொரம்” என்பான்.

மாசியில் நெட்டப்பாக்கத்தில் கல்பனாவின் குழந்தைக்குக் காது குத்தல். பந்தியில் நான் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வில்லியனூரிலிருந்து வந்த கல்பனாவின் மாமனார் புகழ்வேந்தன் இலையில் கை வைக்க முடியாமல் சிரித்தார்.

“சம்பந்தி, ரிடையர் ஆனா பொழுதுபோக்கு வேணும்தான். அதுக்காக சேவல அடைக்கு வெக்கறதா? அடுத்த வருஷம் கடா மாடு பால் கறக்குமா?”

பந்தியே சிரித்தது. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த சிங்காரவேலு, கையிலிருந்த வடையை இலையில் வைத்தான்.

“சிரிக்காதீங்க” என்றான்.

சிரிப்பு அடங்கியது. அவன் என்னைப் பார்க்கவில்லை. ஆள்காட்டி விரலை மடக்கி, அதிலிருந்த சின்னத் தழும்பைக் கட்டைவிரலால் தேய்த்தான்.

“எங்க அண்ணி சொல்றதுல பாதிக்கு மேல புளுகு. பஸ்ஸுல பறந்தது புளுகு. பருந்து கடலூருக்குப் போனது புளுகு. இது நடந்துது. மூணாவது சொம்பு நான்தான் ஊத்துனேன். எல்லாரும் போன அப்பறம் தனியா திரும்பிப் போயி அந்த எறக்கைக்குள்ள கைய வுட்டுப் பாத்தேன். மேல அவ்ளோ தண்ணி ஊத்திக்கீறோம், உள்ள ஒரு சொட்டு ஈரம் இல்ல, அந்தக் கறுப்புகூட காஞ்சி போயிருந்துது. கதகதன்னு இருந்துது. கொத்துனான், நான் கைய எடுக்கல.” அவன் வடையை மறுபடியும் எடுத்தான். “தாய்தான்.”